வீட்டு ஸ்டுடியோ கணினி: தூசி தட்டியது முதல் ப்ராசசர் மாற்றியது வரை

ரெக்கார்டிங் அறையில் ஓடும் என் டெஸ்க்டாப்பின் பழைய நிலவரம் இது: ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, சாம்பிள் லைப்ரரிகள் (இசைக்கருவிகளின் பதிவு செய்த ஒலித் தொகுப்புகள்) அத்தனையும் ஒரு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில். தொல்லை இரண்டு. டிராக்குகள் கூடக்கூட, பாட்டு ஓடும்போது இடையிடையே ‘டிக், டிக்’ என்று வெடிக்கும். மெல்லிய குரலில் பாடும் இடங்களை ரெக்கார்ட் செய்தால், குரலுக்குப் பின்னால் கேபினெட்டின் இரைச்சலும் சேர்ந்து வரும்.

இதைக் கேட்டதும் ‘ப்ராசசர் பத்தவில்லை, மாற்று’ என்றுதான் யாருக்கும் தோன்றும். கடைசியில் நானும் மாற்றினேன். ஆனால் அதற்கு முன்பே ‘டிக்’ தொல்லையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது, அதுவும் பெரிய செலவில்லாமல். அதனால் வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ‘டிக்’ சத்தம்

மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், சத்தத்தைத் துண்டு துண்டாகத்தான் கேட்டு வாங்கும். அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு துண்டுக்கு 2.67 மில்லி விநாடி. அதற்குள் எல்லா டிராக்கையும் எல்லா பிளகினையும் (ஒலியை மாற்றவோ உருவாக்கவோ சேர்க்கும் துணை மென்பொருள்) கணக்குப் போட்டு முடித்து, அடுத்த துண்டைக் கொடுத்துவிட வேண்டும். இப்படி விநாடிக்கு 375 தடவை கெடு வருகிறது. ஒன்று தவறினாலும் அந்த இடத்தில் ஒலி அறுந்து ‘டிக்’ என்று காதில் விழும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. அது எல்லாக் கோர்களையும் சேர்த்து, கடந்துபோன நேரத்தின் சராசரியைக் காட்டுகிறது. 2600-இல் மொத்தம் 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 வேலைத் தடங்கள். அதில் ஒன்று முழுவதும் திணறினாலும் மொத்தக் கணக்கில் 8 சதவீதம்தான் ஏறும். ஒரே டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளகின்களை இஷ்டத்துக்குப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. முதல் பிளகின் முடித்துக் கொடுத்தால்தான் இரண்டாவது வேலையைத் தொடங்கும். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ என்று கனமான பிளகின்களை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு நெருக்கடி அங்கேதான். நான் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதன் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரில் ‘ஆர்டி சிபியு’ என்று, கெடு நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதைக் காட்டும் எண் தனியாக வரும். டாஸ்க் மேனேஜர் அமைதியாக இருந்த நேரத்திலேயே இந்த எண் உச்சத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கியது.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாலே டிராக் உள்ள சின்ன ப்ராஜெக்ட்டிலும் எப்போதாவது ஒரு ‘டிக்’ வந்தது. அதற்கு ப்ராசசரின் பலத்தைக் குறைசொல்ல முடியாது. எனவே லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். ஒவ்வொரு டிரைவரும் அவசர வேலை என்று சொல்லி ப்ராசசரை எவ்வளவு நேரம் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதை இது மைக்ரோ விநாடிக் கணக்கில் காட்டும். நம்மிடம் இருப்பது மொத்தமே 2,667 மைக்ரோ விநாடி. அதில் ஒரு டிரைவர் அவ்வப்போது ஆயிரத்துக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. பெயரைப் பார்த்தால் வைஃபை கார்டின் டிரைவர்.

டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிஸேபிள் செய்துவிட்டு, நெட்டுக்கு லேன் கேபிள் இழுத்தேன். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற அமைப்பை அணைத்தேன். இன்டர்ஃபேஸை முன்பக்க யுஎஸ்பி ஹப்பிலிருந்து பிடுங்கிப் பின்பக்கம் செருகினேன். என்னுடையது போன்ற ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசசர் உட்காரும் ஒரு சாக்கெட் வகை) போர்டுகளில் நாலு யுஎஸ்பி வழிகள் நேராக ப்ராசசரிலிருந்தே வருகின்றன, மற்றவை சிப்செட் வழியாக வரும். எது எது என்பதைப் போர்டின் கையேட்டில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, இன்டர்ஃபேஸுக்கு ப்ராசசரின் வழி ஒன்றைத் தனியாக ஒதுக்கினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே ப்ராஜெக்ட்டை, அதே பஃபரில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று பிறகு சொல்லவே முடியாது.

சின்ன ப்ராஜெக்ட்டில் வந்த ‘டிக்’ முழுதாக நின்றது. பெரிய ப்ராஜெக்ட்டுகள் 256-இல் சுத்தமாக ஓடின, 128-இல் மட்டும் இன்னும் தடுமாறின. சரி, அது நிஜமாகவே ப்ராசசர் பலம் சம்பந்தப்பட்டது என்று குறித்துவைத்துக்கொண்டு இரைச்சல் பக்கம் திரும்பினேன்.

இரைச்சலுக்கு மைக்கே அளவுகோல்

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குக் கையிலேயே ஒரு நல்ல அளவுக்கருவி இருக்கிறது. மைக்கை வழக்கமாகப் பாடும் இடத்தில் நிறுத்தி, வழக்கமான கெயினில் வைத்து, யாரும் பேசாமல் வெறும் அறையை ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்தால் போதும். அந்த ஃபைலை ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரில் போட்டேன். எஃப்எஃப்டி அளவைப் (ஒரே தடவையில் அலசும் சாம்பிள்களின் எண்ணிக்கை) பெரிதாக வைக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 16,384 என்று வைத்தால் ஒரு கட்டத்துக்கு சுமார் 3 ஹெர்ட்ஸ் கிடைக்கும், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் முனைகள் பிரிந்து தெரியும். 2,048 வைத்தால் கட்டம் 23 ஹெர்ட்ஸுக்கு மேல் போய் எல்லாம் ஒரே மேடாகிவிடும்.

என் அறையில் இரண்டு முனைகள் துருத்திக்கொண்டு நின்றன, ஒன்று 120 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னொன்று 140 பக்கம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று, ஆக முதல் முனை ஹார்ட் டிஸ்க். ஃபேனுக்கு வேறு கணக்கு. சுற்றும் வேகத்தை றெக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஏழு றெக்கை உள்ள ஃபேன் 1200 ஆர்பிஎம்மில் சுற்றினால் விநாடிக்கு 20 சுற்று, ஏழால் பெருக்க 140. ஊகத்தோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தேன். ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் 140 முனை கீழே நகர்ந்தது, 120 அசையவில்லை. கணினியை அணைத்து ஹார்ட் டிஸ்க்கின் பவர் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி ரெக்கார்ட் செய்ததும் 120 மறைந்தது. மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் நாடுகளில் ஹம் சத்தத்தின் இரண்டாவது மடங்கும் 120-இலேயே விழும் என்பதால் அங்கெல்லாம் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ‘கேபினெட் சத்தம் போடுகிறது’ என்ற பொதுவான புகார், ‘இந்தப் பாகம், இந்த அதிர்வெண்’ என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. மைக்கில் விழும் சத்தத்தைப் பிறகு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 120, 140 என்பதெல்லாம் ஆண் குரலின் அடி சுருதி விழுகிற இடம். அங்கே அறுத்தால் குரலின் சதையும் சேர்ந்து போகும்.

தூசி

கணினியை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்பக்க ஸ்விட்சை ஆஃப் செய்து, வயரைக் கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டுத்தான் போர்டில் கை வைத்தேன்.

முன்பக்க ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்று நுழையாவிட்டால் உள்ளே சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் வேகம் கூடும், கூடிய வேகம் மைக்கில் விழும். ஃபில்டரைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினேன். ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே மென்மையான பிரஷும் ஏர் ப்ளோயரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும், மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. வீட்டு வாக்யூம் கிளீனரின் குழாயைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை, அதில் நிலைமின்சாரம் சேரும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியிலிருந்து காற்று அடித்ததோடு சரி. அதன் உள்ளிருக்கும் கப்பாசிட்டர்கள் வயரைக் கழற்றிய பிறகும் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும், எனவே அந்தப் பெட்டியைத் திறப்பது வீட்டு வேலையில் சேராது. திறந்ததே திறந்தோம் என்று போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிட்டேன்.

கேபினெட்டோடு வந்த 120 மில்லிமீட்டர் ஃபேன்களை எடுத்துவிட்டு, நாலு பின் உள்ள 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் போட்டேன். பெரிய ஃபேன் அதே அளவு காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். ஃபேனின் சத்தத்துக்குப் பொறியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு, வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபெல் குறையும். காதுக்கு அது மிகப் பெரிய வித்தியாசம். பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு மென்பொருள்) ஃபேன் கர்வை, அதாவது வெப்பத்துக்கேற்ப வேகத்தைக் குறிக்கும் கோட்டை, 65 டிகிரி வரை கிட்டத்தட்ட நேர்கோடாக, 700 ஆர்பிஎம்முக்குள் வைத்து, அதற்கு மேல் மட்டும் ஏற விட்டேன். வேகம் மாறுவதற்கு முன் சில விநாடிகள் பொறுக்கும்படி ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் கூட்டினேன். ரைசன் ப்ராசசர்களின் வெப்பம் ஒரு சின்ன வேலைக்கே சட்டென்று எகிறி இறங்கும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடினால் ரெக்கார்டிங்கில் ஏற்ற இறக்கமாக விழும், ஒரே சீரான இரைச்சலைவிட அது இன்னும் எரிச்சல்.

ஹார்ட் டிஸ்க்குக்கு விடைகொடுத்தது

120 ஹெர்ட்ஸ் முனைக்கு ஒரே மருந்து எஸ்எஸ்டி. எந்த எஸ்எஸ்டி என்பதில்தான் கொஞ்சம் கணக்குப் போட்டேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ சாம்பிள் ஒன்று ஓட விநாடிக்கு 2,88,000 பைட் வேண்டும். ஒரே நேரத்தில் 200 குரல்கள் ஒலித்தாலும் மொத்தம் 58 எம்பிக்குள் அடங்கிவிடும். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை கொடுக்கும், ஆக இந்த வேலைக்கு அதுவே தாராளம். 58 எம்பி என்பதைப் பழைய ஹார்ட் டிஸ்க்கும்கூடத் தொடர்ச்சியாகப் படித்தால் கொடுத்துவிடும். அதனால் முடியாதது, தாவித் தாவிப் படிப்பது. பியானோ லைப்ரரியில் ஒவ்வொரு சுரமும், ஒவ்வொரு அழுத்தமும் தனித்தனி இடத்தில் இருக்கிறது. ஒரு தாவலுக்குப் பத்து மில்லி விநாடி அளவில் ஆகும் என்றால் விநாடிக்கு நூறு தாவல்தான். எஸ்எஸ்டியில் அந்தத் தாமதம் 0.1 மில்லி விநாடி அளவில்தான் இருக்கும்.

எனவே சாம்பிள்களுக்குப் பெரிய கொள்ளளவு உள்ள சாட்டா எஸ்எஸ்டி, விண்டோஸுக்கும் நடப்பு ப்ராஜெக்ட்டுகளுக்கும் ஒரு என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் செருகும், இன்னும் வேகமான எஸ்எஸ்டி) என்று முடிவு செய்தேன். போர்டின் கையேட்டை இங்கேயும் பார்க்க வேண்டியிருந்தது. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஒன்றைச் செருகினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டுகள் வேலை செய்வதை நிறுத்திவிடும். சாம்பிள்களை நகலெடுத்த பிறகு, பழைய டிஸ்க்கின் டிரைவ் எழுத்தையே புது எஸ்எஸ்டிக்குக் கொடுத்தேன். அதனால் பழைய ப்ராஜெக்ட் எதுவும் ‘ஃபைல் காணவில்லை’ என்று கேட்கவில்லை. லைப்ரரிகளில் முன்கூட்டியே ரேமில் ஏற்றும் அளவையும் இப்போது குறைக்க முடிந்தது. டிஸ்க் சட்டென்று கொடுத்துவிடுவதால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் அவ்வளவு நீளமாக ரேமில் வைத்திருக்கத் தேவையில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு வெளிப்பெட்டிக்குள் போய் பேக்கப் எடுக்க மட்டும் செருகப்படுகிறது.

ரேமில் இருந்த இரண்டு 8 ஜிபி துண்டுகளை எடுத்துவிட்டு, ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வந்த இரண்டு 16 ஜிபி துண்டுகள் போட்டேன். வேறு வேறு ஜோடிகளைக் கலந்து நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் குறித்த வேகத்தில் நிலையாக ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டால்தான் 3200-இல் ஓடும், இல்லாவிட்டால் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டி, ஒரு பிழைகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் அதில் ப்ராஜெக்ட் திறந்தேன்.

ப்ராசசர்

128-இல் தடுமாறிய பெரிய ப்ராஜெக்ட்டுகள் மிச்சம். ஏஎம்4 சாக்கெட்டின் நல்ல குணம், 2018-இல் வந்த 2600 உட்கார்ந்த அதே இடத்தில் 2022-இல் வந்த ரைசன் 7 5700எக்ஸும் உட்காரும். இரண்டுமே 65 வாட். ஆறு கோருக்குப் பதில் எட்டு, 3.9-க்குப் பதில் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை பூஸ்ட். பழையதில் 16 எம்பி எல்3 கேஷ் இரண்டாகப் பிரிந்து கிடக்கும், இதில் 32 எம்பியை எட்டுக் கோர்களும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. டிராக்குகள் கோர் விட்டுக் கோர் பேசிக்கொள்ளும் ஆடியோ வேலைக்கு இது பெரிய உதவி.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் முடித்த வேலைகள்தான் அதிகம். கணினியோடு கட்டப்பட்ட பிளகின் லைசன்ஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து டிஆக்டிவேட் செய்தேன். பாகம் மாறியதும் சில பிளகின்கள் இதை வேறு கணினி என்று நினைத்துவிடும், லைசன்ஸ் எண்ணிக்கையில் ஒன்று வீணாகும். விண்டோஸ் டிரைவ் முழுவதையும் இமேஜாக எடுத்தேன். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தினேன். அதன் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி ப்ராசசரோடு சேர்ந்தது, ப்ராசசர் மாறினால் பழைய சாவி போய்விடும். அந்தக் கீ கையில் இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதைத் திறக்க வேறு வழியே இல்லை. பயாஸ் திரைகளைப் போனில் படம் எடுத்தேன், அப்டேட் செய்ததும் ஃபேன் கர்வ் உட்பட எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும் என்பதால்.

பயாஸ் அப்டேட்டைப் பழைய ப்ராசசர் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். பழைய பயாஸுக்கு 5700எக்ஸ் யாரென்றே தெரியாது, திரையே வராது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, கணினியை யுபிஎஸ்ஸில் மாட்டி அப்டேட் செய்தேன். நடுவில் மின்சாரம் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். புது பயாஸ் வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், அதாவது எஃப்டிபிஎம்மை ஆன் செய்ய வேண்டும். எஃப்டிபிஎம் ஆன் செய்த சில ரைசன் கணினிகளில் அவ்வப்போது ஒரு திக்கல் வருவதை 2022 மார்ச்சில் ஏஎம்டியே அறிவித்து, பயாஸுக்குள் இருக்கும் தன் ஏஜெசா மென்பொருளின் 1.2.0.7 பதிப்பு முதல் அதைச் சரிசெய்தது. ஆடியோ வேலைக்கு அந்தத் திக்கல் விஷம், எனவே அந்த எண்ணுக்கு மேற்பட்ட பயாஸ்தானா என்று உறுதிசெய்துகொண்டேன்.

கூலரைக் கழற்றுவதில் ஏஎம்4-க்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பின்கள் சாக்கெட்டில் இல்லை, ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரை இழுக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்தே ப்ராசசர் பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். அதனால் ஒரு கனமான ப்ராஜெக்ட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து வயரைக் கழற்றினேன். கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்டது கையில் தெரிந்த பிறகு தூக்கினேன். சாக்கெட்டின் நெம்பைத் தூக்கிவிட்டு, புது ப்ராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்ததும் அது தானாக இறங்கி உட்கார்ந்தது. அழுத்தவே கூடாது. நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, கூலரின் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது, உயரமான ஹீட் சிங்க் உள்ள கூலர் ஒன்றைத் தனியாக எடுத்திருந்தேன்.

எழுந்ததும் பயாஸில் எக்ஸ்எம்பி, ஃபேன் கர்வ், எஃப்டிபிஎம் ஆகியவற்றைத் திரும்ப அமைத்து, சிப்செட் டிரைவரைப் புதுப்பித்து, லேட்டன்சிமானை மறுபடி ஓட்டினேன். புதிதாக எந்த டிரைவரும் தலைதூக்கவில்லை. அப்புறம்தான் லைசன்ஸ்களைத் திரும்ப ஆக்டிவேட் செய்தேன். 128-இல் தடுமாறிய ப்ராஜெக்ட்டுகள் இப்போது தடுமாறுவதில்லை. பாடுபவருக்குத் தன் குரல் ஹெட்ஃபோனில் ரிவெர்ப் பிளகினோடு திரும்பிக் கேட்பதில் இருந்த இழுவையும் போய்விட்டது. வெறும் அறையை மறுபடி ரெக்கார்ட் செய்து பார்த்தபோது 120 முனை இல்லை, 140 இருந்த இடத்தில் மேடும் இல்லை.

இரைச்சல் அடங்கிய பிறகுதான், அதுவரை ஒளிந்திருந்த வேறொரு சத்தம் மானிட்டர் ஸ்பீக்கரில் காதில் பட்டது. மௌஸை நகர்த்தினால் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஒரு கீச்சல். இது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகி அதில் ஓடும் மின்சாரம் ஒலியில் கலப்பது. இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் போன சாதாரண டிஎஸ் கேபிள்களை வழியில் கலக்கும் இரைச்சலை ரத்து செய்யும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள்களாக மாற்றி, கணினியையும் ஸ்பீக்கர்களையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகியதும் நின்றது. எர்த் பின்னை உடைத்தால் இந்தச் சத்தம் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கையில் கிட்டாரும் உதட்டருகே மைக்குமாக நிற்பவரின் உயிருக்குக் காவல் அந்தப் பின்தான்.

கிராஃபிக்ஸ் கார்டை மாற்றவில்லை. மிக்ஸிங் வேலையில் அதற்குப் பளு இல்லாததால் அதன் ஃபேன் பெரும்பாலும் நின்றேதான் கிடக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸும் பழையதுதான், ஆனால் புது ப்ராசசரும் அதே 65 வாட் என்பதால் கூடுதல் சுமை எதுவும் அதற்கு வரவில்லை. வாரண்டி முடியும்போது அதை மட்டும் முழுசாக மாற்றப்போகிறேன், பளு குறைவாக இருக்கையில் ஃபேன் சுற்றாத மாடலாகப் பார்த்து.